ஜப்பானிய நகர டிராம் மீது விளம்பரம் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1964-ல் நாகசாகி மின் டிராம் நிறுவனம் தன் வண்டி ஒன்றின் வெளிப்புறம் முழுவதையும் ஒரே விளம்பரதாரருக்குக் கொடுத்தது. ஜப்பானில் முழு வண்டி விளம்பரம் அங்கேதான் தொடங்கியது என்று சொல்வது வழக்கம். கார் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒசாகா, கோபே, யோகோஹாமா, நகோயா, கியோட்டோ என்று மாநகராட்சி டிராம்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டோக்கியோவில் மாநகர அரசு நடத்தியவற்றில் ஒரே ஒரு தடம்தான் மிஞ்சியது. ஆனால் நாகசாகி டிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 1984 முதல் 2009 வரை அங்கே டிக்கெட் விலை 100 யென். கால் நூற்றாண்டு அந்த விலை நிற்க உதவிய வருமானங்களில் விளம்பரமும் ஒன்று.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் டிராம் மீது விளம்பரம் கொடுப்பவர் ஒரு நகரத்தின் பொதுப் போக்குவரத்துக்குப் பங்களிக்கிறார். கூடவே அந்த நகரத்துத் தெருவின் தோற்றத்தில் ஒரு பகுதிக்குப் பொறுப்பும் ஏற்கிறார். அந்த விளம்பரத்தைப் பார்க்கப்போவது பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள், அதே தெருவில், தினமும், மாதக்கணக்கில். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் எது சரி, எது தவறு என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஜப்பானில் கடை, உணவகம், மருத்துவமனை, சிறு நிறுவனம் நடத்துவோருக்கும், விளம்பரம், டிசைன் துறைகளில் இருப்போருக்கும் பயன்படும் விதத்தில் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த வகை விளம்பரம் என்று முடிவு செய்யுங்கள்

தெருவில் ஓடும் டிராமை ஜப்பானியர் 'ரோமென் டென்ஷா' என்பார்கள். அதன் வெளிப்புறத்தில் விற்கப்படும் இடங்கள் சில வகைப்படும். வண்டி முழுவதையும் வினைல் ஸ்டிக்கரால் மூடுவது 'ஜென்மென் கோகோகு', அதாவது முழு வண்டி விளம்பரம். பேச்சில் 'ராப்பிங் டென்ஷா' என்பார்கள். ஜன்னலுக்குக் கீழே உள்ள பட்டையில் மட்டும் ஒட்டுவது பகுதி ராப்பிங். பக்கவாட்டில் சட்டம் அடித்து மாட்டும் பலகை இன்னொரு வகை. பழைய முறைதான், இன்றும் பல ஊர்களில் கிடைக்கிறது. வண்டியின் முகப்பில் மாட்டும் வட்டத் தகடு 'ஹெட் மார்க்'. இது விழா, ஆண்டு நிறைவு, விளையாட்டு அணி போன்றவற்றுக்குப் பொருந்தும்.

முதல் முறை கொடுக்கும் சிறு கடைக்காரருக்கு நான் பலகையைத்தான் சொல்வேன். செலவு குறைவு, மாற்றுவது எளிது, வண்டியின் சொந்த நிறமும் மறையாது. பெயரை ஊரில் நிலைநாட்ட வேண்டும், குறைந்தது ஓராண்டு நிற்கத் தயார் என்றால் மட்டும் முழு வண்டிக்குப் போங்கள்.

படி 2: ஊரையும் தடத்தையும் படியுங்கள்

எல்லா ஊர் டிராமும் விளம்பரத்துக்கு ஒரே மாதிரி திறந்திருக்காது. நாகசாகி, ஷிகோகு தீவின் கோச்சி, ககோஷிமா, ஹகோடாட்டே, ஒசாகாவிலிருந்து சகாய்க்குப் போகும் ஹன்காய் டிராம் ஆகிய இடங்களில் விளம்பர வண்டி பழகிப்போன காட்சி. மட்சுயாமாவில் இயோ ரயில்வே 2015 முதல் தன் வண்டிகளை ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றத் தொடங்கியது. கியோட்டோவின் தனியார் டிராமான ரான்டென் 2010 முதல் தன் வண்டிகளுக்கு ஊதா நிறம் பூசிவந்தது. வண்டியின் நிறமே தன் அடையாளம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்திருந்தால், அங்கே முழு வண்டி கேட்பதைவிடப் பலகையோ ஹெட் மார்க்கோ கேட்பதுதான் நல்லது.

அடுத்தது தடம். டோக்கியோ சகுரா டிராம் மினோவபாஷியிலிருந்து வசேதா வரை 12.2 கிலோமீட்டர், ஒரே தடம். அங்கே உங்கள் வண்டி எங்கே ஓடும் என்பதில் குழப்பமே இல்லை. சப்போரோவிலும் அப்படித்தான்: 2015 டிசம்பரில் இரு முனைகளும் இணைந்து முழு வட்டமாகிவிட்டது. ஹிரோஷிமா வேறு. நாட்டிலேயே பெரிய டிராம் வலையமைப்பு அதுதான். பல தடங்கள், பல பணிமனைகள். உங்கள் கடை இருக்கும் தெரு வழியாக உங்கள் வண்டி தினமும் போகும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பணிமனை வண்டி, எந்தெந்தத் தடங்களில் சுற்றும் என்று கேளுங்கள். தடத்தை உறுதி செய்து தர மாட்டார்கள், ஆனால் வழக்கம் என்ன என்று சொல்வார்கள்.

கேட்பதோடு நிறுத்தாமல் நேரில் போய்ப் பாருங்கள். காலை பள்ளி நேரத்தில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை அந்தத் தடத்தின் இரு முனைக்கும் பயணம் செய்யுங்கள். யார் ஏறுகிறார்கள், எந்த நிறுத்தத்தில் கூட்டம் காத்திருக்கிறது, எங்கே சிக்னலில் வண்டி நெடுநேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிசைன் செய்யும்போது இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

படி 3: விற்பவரைக் கண்டுபிடித்துக் கேள்வி கேளுங்கள்

சப்போரோ, ஹகோடாட்டே, குமமோட்டோ, ககோஷிமா, டோக்கியோ சகுரா டிராம் ஆகியவை மாநகராட்சியை அல்லது மாநகர அரசைச் சார்ந்தவை. நாகசாகி, ஹிரோஷிமா, ஒகயாமா, டொயோஹாஷி, மட்சுயாமா ஆகிய ஊர்களில் ரயில் நிறுவனங்கள் நடத்துகின்றன. பெரும்பாலும் நேரடியாக விற்பதில்லை. குறிப்பிட்ட ஏஜென்சி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணப் பட்டியலைப் பல நிறுவனங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும்.

முதல் சந்திப்பிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள்: எந்த மாடல் வண்டி, அதன் வரைபடம் கிடைக்குமா? ஒப்பந்தக் காலத்தில் அந்த வண்டிக்குப் பெரிய பராமரிப்பு ஆய்வு வருகிறதா? வந்தால் எத்தனை நாள் பணிமனையில் நிற்கும், அந்த நாட்களுக்குக் கட்டணம் கழிப்பார்களா? விபத்தில் ஸ்டிக்கர் கிழிந்தால் மறுபடி ஒட்டும் செலவு யாருடையது? எந்த மாடல் வண்டி என்பதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஹன்காய் டிராமில் 1928-ல் கட்டிய வண்டிகள்கூட ஓடுகின்றன; ஹிரோஷிமாவில் பிற ஊர்களிலிருந்து வந்த பழைய வண்டிகள் பல உண்டு. பழைய வண்டியின் தகடு சமதளமாக இருக்காது.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீச்சில் சேதமடைந்து, பழுதுபார்க்கப்பட்டு இன்றும் சேவையில் இருக்கும் 651, 652 எண் வண்டிகள் உள்ளன. அப்படிப்பட்ட வண்டிகளை விளம்பர இடமாகப் பார்க்கவே கூடாது.

படி 4: சட்டம், வரையறை

அவசரப்பட்டால் அதிகம் அடிபடும் இடம் இதுதான். வெளிப்புற விளம்பரத்துக்கு ஜப்பானில் 1949-ல் வந்த தேசியச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் கீழ் விதிகளை வகுப்பது மாகாணங்களும் பெரிய நகரங்களும். அதனால் ஊருக்கு ஊர் விதி மாறும். எவ்வளவு பரப்பு மூடலாம், ஜன்னலில் ஒட்டலாமா, எந்த நிறம் கூடாது, அனுமதி எத்தனை காலத்துக்குச் செல்லும் என்பதெல்லாம் அந்தந்த ஊர் விதியில்தான் இருக்கும். பக்கத்து ஊரில் நடந்ததை முன்னுதாரணமாகக் காட்டி வாதாட முடியாது. ஒளிரும் மையும், விளக்கொளியைத் திருப்பி அடிக்கும் ஸ்டிக்கரும் வாகனங்களில் பொதுவாகத் தடை.

விதியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ல் நடந்ததே போதும். டோக்கியோவின் ஒடாக்யூ ரயில்வே, டோரேமான் முதலிய கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்த ஒரு ரயிலை ஆகஸ்டில் விட்டது. டிராம் அல்ல, பெரிய ரயில்தான். குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் டோக்கியோ விதிப்படி அது விளம்பரமாகக் கருதப்படும். அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டுப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவும் கூடாது. செப்டம்பர் முடிவிலேயே அந்த ரயில் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு படத்தைச் சுருக்கித்தான் மீண்டும் விட முடிந்தது. 'இது விளம்பரமா, அலங்காரமா' என்ற சந்தேகம் உங்கள் டிசைனிலும் வந்தால், ஒட்டுவதற்கு முன்பே நகராட்சியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த தடை, தொழில் வகை. சூதாட்டம், வயது வந்தோருக்கான சேவை, புகையிலை, கடன் நிறுவனம், அரசியல், மதம் ஆகியவற்றைப் பெரும்பாலான டிராம் நிறுவனங்கள் ஏற்பதில்லை, அல்லது கடும் நிபந்தனை போடும். நகராட்சி நடத்தும் டிராமில் இது இன்னும் இறுக்கம்.

மருத்துவமனை, பல் மருத்துவமனை நடத்துவோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மருத்துவ விளம்பரத்துக்குத் தனி விதிகள் உண்டு. 'ஊரிலேயே சிறந்தது' என்று ஒப்பிட்டு எழுதக் கூடாது. நோயாளிகளின் பாராட்டு வாசகங்களும் கூடாது. பெயர், துறை, இடம், நேரம், தொலைபேசி எண் போன்ற தகவல்களோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. மற்ற கடைகளுக்கும் 'நம்பர் 1' என்று எழுத ஆதாரம் வேண்டும். ஆதாரமில்லாத உயர்வுச் சொல் நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரம் என்று நடவடிக்கைக்கு உள்ளாகும்.

படி 5: பணக் கணக்கு

மூன்று செலவு உண்டு: வண்டி வாடகை, தயாரித்து ஒட்டும் செலவு, கடைசியில் உரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு. இவற்றோடு 10 சதவீத நுகர்வு வரியும், ஊரைப் பொறுத்து அனுமதிக் கட்டணமும் சேரும். புதிதாக வருபவர்கள் மூன்றாவதை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறார்கள். விலைப்புள்ளி வாங்கும்போதே உரிக்கும் செலவைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

தயாரிப்புச் செலவு ஒரு மாதம் ஓடினாலும் ஓராண்டு ஓடினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் குறுகிய காலத்துக்கு முழு வண்டி எடுத்தால் மாதக் கணக்கு எகிறிவிடும். குறுகிய காலம் தேவைப்படுவது பருவ நிகழ்ச்சிகளுக்கு. சப்போரோவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும் 'யுகி மிகு' டிராம் அப்படிப்பட்டது; ஹட்சுனே மிகு என்ற கணினிக் குரல் பாடகிப் பாத்திரத்தின் பனிக்கால வடிவம்தான் யுகி மிகு. அந்தப் பாத்திரத்தின் பின்னணியில் இருக்கும் நிறுவனம் சப்போரோவைச் சேர்ந்தது, அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உங்கள் கடைக்கு அப்படி ஒரு பருவம் இல்லையென்றால் நீண்ட ஒப்பந்தமே மேல்.

படி 6: டிசைன்

டிசைனருக்கு முதலில் வண்டியைக் காட்டுங்கள், பிறகு கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். காகித வரைபடத்தில் வண்டி ஒரு நீண்ட செவ்வகம். நேரில் அப்படி இல்லை.

ஒற்றைப் பெட்டி டிராம் சுமார் 12 மீட்டர் நீளம். அதில் கதவுகள், ஜன்னல்கள், காற்றோட்டத் துளைகள், வண்டி எண், தடப் பலகை, விளக்குகள் எல்லாம் போக உண்மையில் தடையில்லாமல் கிடைப்பது ஜன்னலுக்குக் கீழே ஒரு பட்டையும் கதவுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பகுதியும்தான். பெயரையும் லோகோவையும் அந்த நடுப்பகுதியில் வையுங்கள். கதவின் மேல் எழுத்து வைத்தால், நிறுத்தத்தில் கதவு திறந்ததும் எழுத்து காணாமல் போகும். மக்கள் நின்று படிக்கும் நேரமே அதுதான்.

சாலையில் ஓடும் டிராமுக்கு ஜப்பானில் உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். நகர மையத்தில் சிக்னல், நிறுத்தம் எல்லாம் சேர்த்து அதைவிட மெதுவாகவே போகும். அதனால் பேருந்து விளம்பரத்தைவிடக் கொஞ்சம் நுணுக்கமான படம் இங்கே எடுபடும். ஆனாலும் எழுத்து குறைவாக இருக்கட்டும்: பெயர், என்ன கடை, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும். இந்த மூன்று போதும். 'இந்த நிறுத்தத்தில் இறங்குங்கள்' என்பது டிராமில் மட்டுமே இவ்வளவு பொருத்தமாக அமையும் வாசகம். பலர் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். க்யூஆர் கோடு ஓடும் வண்டியில் வீண். அதை வண்டிக்குள் இருக்கும் காகித விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் வாகனங்கள் இடதுபுறம் செல்கின்றன. டிராம் பெரும்பாலும் சாலை நடுவே ஓடுகிறது. பயணிகள் இடதுபக்கம் ஏறி இறங்குகிறார்கள். ஆகவே நிறுத்தத்தில் காத்திருப்பவரும் பக்கத்துப் பாதையில் வரும் கார்காரரும் அருகிலிருந்து பார்ப்பது வண்டி போகும் திசைக்கு இடதுபக்கத்தை. மறுபக்கத்தை எதிர்ப்புறத்திலிருந்து, சற்றுத் தூரத்தில் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் இடம் இருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் திரும்பாமல் அப்படியே எதிர்த்திசையில் கிளம்பிவிடும். எது இடது என்பது ஒவ்வொரு பயணத்திலும் மாறும். இரு பக்கமும் அருகிலும் தூரத்திலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதே காரணத்தால், ஓடும் நாயையோ பறக்கும் பறவையையோ வரைந்தால் பாதிப் பயணம் அது பின்பக்கமாகப் போகும். பார்ப்பவரை நேராகப் பார்க்கும் முகம், உணவு, பழம், பூ போன்றவை இந்தச் சிக்கலில் மாட்டாது. சப்போரோவில் மையப் பகுதியின் புதிய பாதை நடைபாதையை ஒட்டியே போகிறது. அங்கே நடந்து போகிறவருக்கும் வண்டிக்கும் நடுவே கார் வராது, அதனால் சிறு விவரமும் கண்ணில் படும்.

ஜன்னல் மீது ஒட்டுவதற்கு நுண்துளை ஸ்டிக்கர் இருக்கிறது. வெளியே படம் தெரியும், உள்ளிருந்து வெளியே பார்க்கலாம். சில இடங்களில் இதற்கு அனுமதி உண்டு. நான் பரிந்துரைப்பதில்லை. மழை பெய்தால் துளைகளில் நீர் நின்று உள்ளிருந்து எதுவும் தெளிவாகத் தெரியாது. டிராமில் வயதானவர்கள் அதிகம். நிறுத்தம் வந்ததா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் எழுவார்கள். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது ஜன்னல் படம் எப்படியும் மங்கிவிடும்.

கடைசியாக, ஊர். டொயோஹாஷியில் 'பிளாக் தண்டர்' சாக்லேட்டின் பெயரில் ஒரு டிராம் ஓடியிருக்கிறது. அந்தச் சாக்லேட் தயாராகும் ஆலை டொயோஹாஷியில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது தங்கள் பண்டம். ஹிரோஷிமாவில் 'கார்ப்' என்ற உள்ளூர் பேஸ்பால் அணியின் சிவப்பு டிராமும் அப்படியே. உங்கள் கடைக்கும் அந்த ஊருக்கும் உள்ள தொடர்பு என்ன என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், டிசைனை அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

படி 7: ஆய்வும் திருத்தமும்

வரைவு தயாரானதும் டிராம் நிறுவனம் பார்க்கும். பிறகு ஊர் விதிப்படி அனுமதி. சில இடங்களில் டிசைனை ஆராயத் தனிக் குழுவும் உண்டு. நிறம் கண்ணை உறுத்துகிறது, எழுத்து அதிகம், வண்டி எண் மறைகிறது என்று திருத்தம் கேட்பார்கள். இதற்கு நாள் ஒதுக்குங்கள். கடை திறப்பு விழாவுக்கு நெருக்கமாகத் திட்டமிடவே வேண்டாம். முதல் வரைவோடு நிறம் குறைந்த மாற்று வரைவு ஒன்றையும் கையில் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

படி 8: அச்சும் ஒட்டுதலும்

முன்பெல்லாம் பணிமனையில் பெயின்டர்கள் கையால் வரைந்தார்கள். இப்போது வினைல் ஸ்டிக்கரில் அச்சிட்டு, மேலே லேமினேஷன் போட்டு, துண்டு துண்டாகக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட, பின்பக்கம் காற்று வெளியேற நுண்ணிய வழிகள் உள்ள ஸ்டிக்கரைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் குமிழி எழும்.

முடிந்தால் ஒட்டும் நாளில் அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். முதலில் வண்டியைக் கழுவி, எண்ணெய்ப் பசை போக ஆல்கஹாலால் துடைப்பார்கள். பிறகு ஒருவர் மேலிருந்து பிடிக்க, இன்னொருவர் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுப்புப் பட்டையால் தேய்த்துக்கொண்டே வருவார். பழைய வண்டியில் ஆணித்தலைகள் வரிசையாகப் புடைத்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஹீட் கன் காட்டி, ஸ்டிக்கரை இளக்கி, சிறு தூரிகையால் சுற்றிச் சுற்றி அழுத்துவார்கள். இதில் அவசரப்பட்டால் சில வாரத்தில் ஆணித்தலையைச் சுற்றி வெள்ளை வளையமாகக் காற்று தெரியும். கதவு விளிம்பில் ஸ்டிக்கரை உள்ளே மடிக்காமல் சற்று உள்தள்ளி வெட்டுவார்கள். கதவு உராயும்போது ஓரம் கிளம்பாமல் இருக்க அதுதான் வழி. குளிரில் பசை பிடிக்காது. வடக்கு ஊர்களில் குளிர்கால வேலைக்குச் சூடாக்கிய கொட்டகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 9: ஓடும் காலத்தில்

மாதம் ஒரு முறையாவது நீங்களே போய் வண்டியைப் பாருங்கள். கீழ் விளிம்பு, கதவோரம், முகப்பு வளைவு ஆகிய மூன்று இடங்களில்தான் முதலில் உரியும். படம் எடுத்து ஏஜென்சிக்கு அனுப்புங்கள். சப்போரோ, ஹகோடாட்டே போன்ற பனி ஊர்களில் கீழ்ப்பகுதி சீக்கிரம் அழுக்காகும். அங்கே வெளிர் நிறத்தைக் கீழே வைக்காமல் இருப்பது நல்லது.

பலனை அளக்க எளிய வழி, கடைக்கு வருபவரிடம் கேட்பதுதான். 'எப்படித் தெரிந்துகொண்டீர்கள்' என்ற கேள்வியில் டிராமையும் ஒரு பதிலாக வையுங்கள். முதல் சில மாதம் பெரிதாக ஒன்றும் தெரியாது. தினமும் பார்த்துப் பழகிய பெயர் தேவை வரும்போது நினைவுக்கு வருவதுதான் இந்த விளம்பரத்தின் வேலை. தள்ளுபடி அறிவிப்புக்கு இது பொருத்தமான இடம் அல்ல.

படி 10: உரிப்பதும் புதுப்பிப்பதும்

ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, நீட்டிப்பா நிறுத்தமா என்று சொல்ல வேண்டிய கடைசி நாளை ஒப்பந்தத்தில் பார்த்து வையுங்கள். நீட்டிப்பதென்றால் ஸ்டிக்கரின் ஆயுளையும் ஊர் அனுமதியின் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயில் பட்ட பக்கம் வெளுத்த நிலையில் நீட்டித்தால், தினமும் பார்க்கும் ஊர்க்காரர்கள் கண்ணில் உங்கள் கடையும் வெளுத்துத் தெரியும்.

உரிக்கும்போது வெப்பம் காட்டி மெல்ல இழுப்பார்கள். அடியில் இருக்கும் பெயின்ட் பழையதாக இருந்தால் அதுவும் கூடவே வரும். அந்த இடத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவு விளம்பரதாரருடையதா, நிறுவனத்துடையதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் வண்டியின் நான்கு பக்கமும் நிழற்படம் எடுத்து, தேதியோடு இரு தரப்பும் வைத்துக்கொண்டால் பிறகு வாக்குவாதம் வராது. கடைசி ஓட்ட நாள் உறுதியானதும் கடையிலும் சமூக வலைதளத்திலும் அறிவித்துவிடுங்கள். டிராமைப் படம் எடுப்பவர்கள் ஜப்பானில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ள அவர்கள் விரும்புவார்கள்.